மாசத்துக்கு ஒரு உரசு

நெஞ்சில் சளி இல்லை. இருமல் இல்லை. ஆனால் குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. ஏன்?

இந்த ‘ஏன்’ வந்து பிடித்துக்கொண்டால் எனக்குச் சோறு இறங்காது. சாராளுக்கு மூக்கு நீளம், எவள் வீட்டு அடுப்புக்குள்ளும் நுழைந்துவிடும் என்று என் அம்மா திட்டுவாள். நுழைந்தால் என்ன தப்பு? கடம்பத்தூரைச் சுற்றி ஒன்பது ஊருக்கு நான் ஒருத்திதான் நர்ஸ். பிரசவம் பார்ப்பதும் நான், அம்மை குத்துவதும் நான், மாமியார் மருமகள் சண்டையில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான். அடுப்புக்குள் நுழையாமல் அந்த வேலையைச் செய்கிறவள் யாராவது இருந்தால் என் கண்ணில் காட்டுங்கள்.

1967ஆம் வருஷம், ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என்னைத் தணிகாசலம் வாசலில் சைக்கிளோடு மறித்தான். மூன்று ஏக்கர் நெல் வைத்துக்கொண்டு தானே உழுகிறவன். பேச்சு கம்மி. அன்றைக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான்.

“நர்ஸம்மா, பையனுக்கு இன்னும் மூச்சு வாங்கிகினே கீது. ஊட்ல அவ அழுதுகினு கீறா. ஒரு நட வந்து பாருங்க.”

“நேத்து திருவள்ளூர் டாக்டராண்ட காட்டினீங்களே, இன்னா சொன்னாரு?”

“நெஞ்சுல சளி கட்டப் போவுது இன்னாரு. ஊசி போட்டாரு. நாளைக்கி மறுபடியும் வரச் சொன்னாரு. அதுவரைக்கும் தாங்குமான்னு பயமா கீதும்மா.”

பைபிளை மேஜைமேல் வைத்துவிட்டு அவன் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அந்தக் குழந்தையை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டவள் நான். அதற்கு முன் அவன் பெண்சாதி சந்திரகலாவுக்கு ஒன்று பிறந்து ஏழாம் நாள் போய்விட்டது. அப்போது என்னைக் கூப்பிடவில்லை. அதனால் இந்த எட்டு மாதமும் அவள் இதை வளர்த்தாள் என்று சொல்ல முடியாது, காவல் காத்தாள். தண்ணீரைப் பத்து நிமிஷம் காய்ச்சு என்று நான் சொன்னால், பக்கத்து வீட்டுக் கடிகாரத்தை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பை அணைப்பாள். பையனுக்குக் கலியன் என்று தாத்தா பெயர் வைத்தார்கள். மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாதே, அதனால் பெற்றவள் மட்டும் ‘நைனா, நைனா’ என்றுதான் கூப்பிடுவாள்.

நான் போனபோது அவள் பையனை மடியில் போட்டுக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல வயிறு ஏறி ஏறி இறங்கியது. கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு அறுபத்தெட்டு. எட்டு மாதக் குழந்தைக்கு நாற்பதைத் தாண்டக்கூடாது. உடம்பு கொதித்தது, உதடு காய்ந்திருந்தது. கண்ணைத் திறந்தால் சிடுசிடு என்று அழுதான். அடுத்த நிமிஷம் கண் சொருகிவிடும். முதுகில் காதை வைத்துக் கேட்டேன். காற்று சுத்தமாகப் போய் வந்தது. கரகரப்பு இல்லை, விசில் சத்தம் இல்லை. சளி கட்டினால் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாதா?

“பால் குடிக்கிறானா?”

“குடிச்சா கக்கிடறாம்மா. நேத்துலேந்து.”

“எப்போ ஆரம்பிச்சுது?”

“மூச்சு முந்தாநேத்து. காய்ச்ச அதுக்கு ஒரு நாளு மின்ன. அதுக்கு மின்ன பல்லு முளைக்கிற பேஜாருதான். ஈறு வீங்கி, எதக் குடுத்தாலும் கடிச்சிகினு, ராவெல்லாம் அழுதுகினு இருந்தாரு எங்க நைனா.”

கீழ் ஈற்றை விரலால் தடவிப் பார்த்தேன். அரிசி முனை மாதிரி இரண்டு பல் எட்டிப் பார்த்தது. பல் முளைத்தால் காய்ச்சல் வரும், பேதி வரும் என்று ஆயிரம் சொல்வார்கள். மூச்சு வாங்கும் என்று இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை.

“மருந்து எதுனா குடுத்தியா?”

“டாக்டரு ஊசி போட்டதுதாம்மா. வேற எதுவும் குடுக்கல.”

“மாத்திரை?”

“இல்லம்மா.”

“கைவைத்தியம்? வேப்ப எண்ணெய், சாராயம், எவளாவது சொன்னான்னு எதுனா? மறைக்காம சொல்லு.”

“இல்லம்மா. சத்தியமா.”

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் குடைச்சலாக இருந்தது. திருவள்ளூர் டாக்டரும் இதே கேள்விகளைத்தான் கேட்டிருப்பார், இதே பதில்களைத்தான் வாங்கியிருப்பார். பிறகு சளி என்று முடிவு கட்டாமல் அந்த மனுஷர் என்ன செய்வார்?

எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றினேன். அடுப்பைப் பார்த்தேன், பால் பாத்திரத்தை முகர்ந்தேன், பூச்சி மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று தணிகாசலத்தைக் கேட்டேன். மாட்டுக் கொட்டகையில் என்றான். அப்போதுதான் மூலையில் இருந்த உரைகல் கண்ணில் பட்டது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். பிறந்த குழந்தைக்கு ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுட்ட வசம்பு என்று ஒவ்வொன்றையும் தாய்ப்பால் விட்டு அந்தக் கல்லில் உரசி, சங்கில் வழித்து ஊற்றுவார்கள். கல்லின் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருந்தது.

“உரைமருந்து குடுக்கிறியா?”

“அது தெனம் குடுக்கிறதுதானே.”

“இப்பதான் மருந்து எதுவும் குடுக்கலன்னு சொன்னே?”

சந்திரகலா என்னைப் புரியாமல் பார்த்தாள். “அது மருந்தாம்மா? அது கொய்ந்தைக்கு ஊத்துறது.”

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் ‘மருந்து குடுத்தியா’ என்று கேட்கிறேன். உரைமருந்தை ஒருத்தியும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

டப்பாவை வாங்கித் திறந்தேன். காடி மாதிரி ஒரு புளித்த வாசனை வந்தது. ஜாதிக்காய் இருந்தது, வசம்பு இருந்தது, சுக்கு ஒரு துண்டு இருந்தது. ஓரத்தில், ஒரு காகிதப் பொட்டலத்தின்மேல், வெள்ளையாக ஒரு சின்னத் துண்டு கிடந்தது. ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. முதலில் படிகாரம் என்று நினைத்தேன். நாக்கில் வைத்தேன். புளிப்பு, பிறகு கசப்பு. துப்பிவிட்டேன்.

ஆஸ்பிரின். பெரியவர்கள் தலைவலிக்குப் போட்டுக்கொள்கிற முழு மாத்திரை.

“இது இன்னாடி?”

“அதுவும் ஒரசறதுதாம்மா. பல்லு வலிக்கு.”

“எத்தன ஒரசு?”

“எட்டு. மாசத்துக்கு ஒரு ஒரசு. ஒண்ணு கூடப் போவாது, எண்ணிகினுதான் ஒரசுவேன்.”

நர்ஸ் பயிற்சியில் இருந்தபோது ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வயது. டப்பாவிலிருந்த ஆஸ்பிரினையெல்லாம் மிட்டாய் என்று தின்றிருந்தது. அதுவும் இப்படித்தான், நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் மூச்சு வாங்கியது. அதற்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

“எவ குடுத்தா உனக்கு இத? பச்சப் புள்ளைக்குத் தலவலி மாத்திரைய ஒரசுன்னு எவ சொன்னா?”

சந்திரகலா புருஷனைப் பார்த்தாள். தணிகாசலம் தரையைப் பார்த்தான்.

“அது இன்னாத்துக்கும்மா இப்போ. புள்ளைக்கு இன்னா செய்யணும் சொல்லுங்க.”

“செய்றேன். செஞ்சிட்டு அவள வெச்சிக்கிறேன். கிளம்புங்க. கல்லையும் டப்பாவையும் எடுத்துக்கோ.”

“கல்லு எதுக்கும்மா?”

“எடுன்னா எடு.”

கல்லை ஏன் எடுக்கச் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. எட்டு உரசு என்றால் எவ்வளவு? அது என் மண்டையைக் குடைய ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான்.

பாசஞ்சர் ரயிலில் கால் வைக்க இடம் இல்லை. ஆடி அமாவாசை என்றால் சும்மாவா. வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கத்தான் பாதி ஜனம் போகிறது. குளத்தில் வெல்லம் கரைகிற மாதிரி உடம்பில் நோய் கரையும் என்பது நம்பிக்கை. ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு பொட்டலம். சந்திரகலாவுக்கு ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் மடியில் பையன், தணிகாசலம் தோளில் துணியில் சுற்றிய கல், என் கையில் கடிகாரம். நான் கேள்வியை விடவில்லை.

“கடைத்தெருவுல மாத்திரை விக்கிற அப்பாவு குடுத்தானா?”

“அவராண்ட வாங்கினது அப்பறம்மா,” என்றாள் சந்திரகலா. “மாதிரி காட்டி இவரு இருவது வாங்கியாந்தாரு.”

“மாதிரியா? அப்போ மொதல்ல ஒண்ணு எவளோ குடுத்திருக்கா. யாரு அவ? உங்க நாத்தனாரா?”

சந்திரகலா முந்தானையால் பையனுக்கு விசிறினாள்.

“சொல்ல மாட்டீங்க. அவ்ளோ வேண்டப்பட்டவளா? குடுத்த கைய ஒடிக்கணும். படிச்சவளா இருந்தா ரெண்டு கையையும் ஒடிக்கணும்.”

தணிகாசலம் கல்லைத் தோள் மாற்றிக்கொண்டு வெளியே பார்த்தான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திருவள்ளூரில் இறங்கினதும் சந்திரகலா தயங்கினாள். “ஒரு நிமிசம்மா. குளத்துல ஒரு கை வெல்லம் கரைச்சிட்டு வந்துடறேன்.”

“அப்புறம் கரைக்கலாம். சாமி எங்கயும் போயிடாது.”

அவள் மறு பேச்சுப் பேசாமல் என் பின்னால் வந்தாள்.

டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. வீட்டுக்குக் கீழேயே ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார். குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து நிதானமாகக் கேட்டார். நான் மாத்திரைத் துண்டைக் காட்டினேன்.

“எத்தனை மாத்திரை குடுத்தீங்க?” என்று கேட்டார்.

“மாத்திரை குடுக்கல சார்,” என்றான் தணிகாசலம். “ஒரசினதுதான். எட்டு ஒரசு.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “சிஸ்டர், உரசறதுன்னா எங்க வீட்லயும் பாத்திருக்கேன். கல்லுல தூசி ஒட்டுற மாதிரி ஒட்டும். அதுல இப்படி மூச்சு வாங்காது. சில நிமோனியா மொதல்ல குழாய்ல கேக்காது. இன்னொரு ஊசி போடலாம்.”

“ஜாதிக்காய் தூசிதான் டாக்டர். மாத்திரையும் தூசிதானா?”

“அதை எப்படிச் சொல்றது?”

“அளந்து பாத்துடலாம். தராசு இருக்குல்ல.”

அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “எம்பார்” என்று கூப்பிட்டார்.

எம்பார் அந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் கோயில் கைங்கரியத்தில் இருந்தார்கள். இவர் ஒருத்தர்தான் கோயிலை விட்டு மருந்துப் பொடி மடிக்க வந்தவர். அமாவாசை என்று நெற்றியில் பளிச்சென்று திருமண் இட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணிலும் என் வியாதி தொற்றிக்கொண்டது. பித்தளைத் தராசை அலமாரியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்துவந்து மேஜையில் வைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

“மொதல்ல ஜாதிக்காயை உரசச் சொல்லுங்கோ சிஸ்டர். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரியணுமோல்லியோ.”

ஜாதிக்காயை நிறுத்தார். சந்திரகலா சுவர்ப் பக்கம் திரும்பி, கல்லில் ஒரு சொட்டுப் பால் பீய்ச்சிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“தெனமும் ஊட்ல ஒரசற மாதிரியே ஒரசு,” என்றேன். “எங்களுக்காக அழுத்தவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

உதடு அசைய எண்ணிக்கொண்டே எட்டுச் சுற்று உரசினாள். பூப்போன்ற கை. கல்லில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. எம்பார் ஜாதிக்காயைத் துடைத்து மறுபடி தட்டில் வைத்தார். எல்லாரும் குனிந்தோம்.

“முள் அசையவே இல்லை,” என்றார். “பாத்தேளா, எட்டு உரசிலே ஒண்ணுமே போகலை.”

“நான்தான் சொன்னேனே,” என்றார் டாக்டர்.

தணிகாசலம் மூச்சு விட்டான். நான் விடவில்லை. “மாத்திரையை வையுங்க,” என்றேன்.

எம்பார் ஆஸ்பத்திரி டப்பாவிலிருந்து புது ஆஸ்பிரின் ஒன்று எடுத்து நிறுத்துக்கொண்டார். சந்திரகலா கல்லைக் கழுவி, மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டு, உட்கார்ந்தாள். அதே கை. அதே சுற்று. ஒன்று, இரண்டு. மூன்றாவது சுற்றில் மாத்திரை பாலை உறிஞ்சி ஓரம் இளக ஆரம்பித்தது. ஐந்தாவதில் கல்லில் வெள்ளையாகக் குழம்பு சேர்ந்தது. எட்டாவது முடிந்தபோது அவள் விரல் நுனியில் நகம் அளவுக்கு ஒரு சில்லு இருந்தது.

அவள் அதை எங்களிடம் நீட்டவில்லை. கல்லைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தினமும் பார்த்ததுதான் அது. ஆனால் ஜாதிக்காய்க்குப் பக்கத்தில் வைத்து அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

எம்பார் சில்லை ஒற்றுத்தாளில் ஒற்றி எடுத்துத் தட்டில் வைத்தார். எடைக்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றினார்.

“முக்கால் மாத்திரை போயிடுத்து டாக்டர்,” என்றார் மெதுவாக. “முக்காலுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும்.”

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை?”

“நாலு,” என்றாள் சந்திரகலா. “காய்ச்ச வந்தப்பறம் ஆறு.”

“எத்தனை நாளா?”

“அஞ்சு நாளா.”

“ஆறு தடவைன்னா நாலரை மாத்திரை ஆச்சேம்மா. இந்த உடம்புக்கு இது விஷம். இது மிஞ்சினா மூச்சு வாங்கும், காய்ச்சலும் வரும். அந்தக் காய்ச்சலுக்கு நீ இன்னும் ரெண்டு தடவை சேத்துக் குடுத்திருக்கே.” பிறகு என்னிடம், “சிஸ்டர், நீங்க வராம இருந்திருந்தா நான் நாளைக்கும் ஊசிதான் போட்டிருப்பேன். எம்பார், குளுக்கோஸ் பாட்டில். சோடா பைகார்ப். சீக்கிரம்,” என்றார்.

அதற்கு அப்புறம் வேலைதான். அந்தச் சின்னக் காலில் நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது தடவைதான் ஊசி ஏறியது. நான் பையனின் காலைப் பிடித்துக்கொண்டேன். சந்திரகலா தலைமாட்டில் நின்று, “நைனா, நைனா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுபத்திரண்டு வரை ஏறிய மூச்சு விளக்கு வைக்கும் நேரத்துக்கு அறுபதுக்கு வந்தது. அந்த அறுபதில் வெகுநேரம் நின்றது. கர்த்தரே, இதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே, இவளிடமிருந்து ஏற்கெனவே ஒன்றை எடுத்துவிட்டாய் என்று நான் வாய்விட்டே சொன்னேன். யார் காதில் விழுந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

காலையில் எண்ணினேன். நாற்பத்திரண்டு. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். நாற்பத்தொன்று. பையன் கண்ணைத் திறந்து என் கடிகாரத்தைப் பிடுங்கி, புதுப்பல்லால் அதன் வாரைக் கடித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க எம்பாரிடம் காபி கேட்டுக் கத்தினேன்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்தார். “எழுதி வைக்கணும். இந்த மாதிரி இன்னொரு வீட்ல நடக்கக் கூடாது. யாரும்மா இதை உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

அதற்குத்தானே நானும் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தேன். “சொல்லுடி இப்போ,” என்றேன். “புள்ள பொழச்சிட்டான். இனிமே எவளுக்குப் பயப்படறே?”

சந்திரகலா புருஷனைப் பார்த்தாள். அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

“நீங்கதாம்மா,” என்றாள்.

“நான் இன்னா?”

“நீங்கதாம்மா குடுத்தீங்க. போன திங்கக்கெழம, கடம்பத்தூர் டேசன்ல. ஈறு வீங்கி அழுவறான்னு சொன்னேன். பையிலேந்து ரெண்டு மாத்திரை எடுத்து, ஒரு காயிதத்துல மடிச்சிக் குடுத்தீங்க. வலிக்குக் கேக்கும்னீங்க.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தகர டப்பா ஜன்னலில் இருந்தது. அதிலிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். என் பிரசவ ரிஜிஸ்டரின் கடைசித்தாள். என் கையெழுத்தில் பாதி வரி இருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. மாதாந்திர மீட்டிங், தாமதமாகிவிட்டது, ரயில் வந்து நிற்கிறது, இவள் ஓடி வருகிறாள். எனக்குத் தலைவலிக்கு என்று பையில் வைத்திருந்த மாத்திரை.

“எவ்ளோ குடுக்கணும்மான்னு கேட்டேன்,” என்றாள் சந்திரகலா. “ரயிலு நகந்துடுச்சி. கொய்ந்தைக்குக் குடுக்கிற மாதிரி கொஞ்சமா குடுன்னு சொல்லிட்டு ஏறிட்டீங்க. கொய்ந்தைக்கு நாங்க ஒரசித்தானேம்மா குடுப்போம்.”

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. தான் எங்கே தப்புச் செய்தோம் என்று அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“நேத்தே சொல்லியிருக்கலாமில்ல? கைய ஒடிக்கணும், அத ஒடிக்கணும்னு ரயில் பூரா நான் கத்திகினு வந்தேனே.”

அதற்குத் தணிகாசலம்தான் பதில் சொன்னான். “நான்தாம்மா வேணாம்னேன். நீங்க ஒருத்தருதான் ஏன் ஏன்னு தேடிகினு இருந்தீங்க. அப்போ சொல்லி நீங்க ஒடஞ்சி ஒக்காந்துட்டா, கல்ல யாரு கொண்டார சொல்லியிருப்பாங்க?”

நான் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் சொன்னது சரிதான். நேற்று சொல்லியிருந்தால் நான் உடைந்துதான் போயிருப்பேன். அல்லது, அதைவிட மோசம், எட்டு உரசில் என்ன போய்விடும் என்று டாக்டரோடு சேர்ந்து நானும் தலையை ஆட்டியிருப்பேன்.

டாக்டர் பேனாவை மூடப் போனார். எழுதாமல் விட்டுவிடுகிற மனசு அவருக்கு இருந்தது. முகத்தில் தெரிந்தது.

“எழுதுங்க டாக்டர்,” என்றேன். “நர்ஸ் சாராள் குடுத்ததுன்னு எழுதுங்க. அளவு சொல்லலன்னு எழுதுங்க. பச்சப் புள்ளைக்குக் குடுத்திருக்கவே கூடாது, அதையும் எழுதுங்க.”

அவர் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “சிஸ்டர், இதே மாதிரி வேற யாருக்காவது குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

நேற்று காலையிலிருந்து எல்லாரையும் கேள்வி கேட்டவள் நான். இப்போது என்னிடம் ஒரு கேள்வி வந்தது. பிறந்தது எத்தனை, அம்மை குத்தியது எத்தனை, எல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கிறது. போகிற வழியில் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை யார் எழுதி வைத்தார்கள்? கண்ணை மூடி யோசித்தேன். கெங்கம்மாள் வீடு. மோசஸ் மகள் வீடு. ஏரிக்கரைப் பக்கம் ஒன்று, பெயர் வரவில்லை.

பத்து மணி பாசஞ்சரைப் பிடித்தேன். சந்திரகலா குளத்தில் வெல்லம் கரைக்கப் போய்க்கொண்டிருந்தாள். எனக்காகவும் ஒரு கை கரைக்கிறேன் என்றாள். கரை என்றேன்.

கெங்கம்மாள் வாசலில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க நர்ஸம்மா. பாப்பாக்கு இப்போ தேவலாம்மா. நல்லாத் தூங்கறா.”

மருந்து ஏதாவது கொடுத்தாயா என்று நான் கேட்கவில்லை.

“ஒரசற டப்பாவக் கொண்டா,” என்றேன்.

கொண்டுவந்து திறந்தாள். ஜாதிக்காய்க்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு துண்டு, ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து கிடந்தது. அதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். உள்ளே தூளியை விலக்கிப் பார்த்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.